வி-கிராஸ் பின்னாடி உட்காருது: பட்டை சேர்க்கறதா, கிட் போடறதா?

கேள்வி, 12 மே 2024

ஈரோட்டுப் பக்கம். வண்டி இசுசு வி-கிராஸ் பிக்கப், டபுள் கேப் (ரெண்டு வரிசை சீட், பின்னால் சாமான் தொட்டி), ஃபோர் வீல். தொட்டிக்கு மேலே இரும்பு ரேக், அதன் மேல் ரூஃப் டென்ட், உள்ளே ஃபிரிட்ஜ், ட்யூபுலர் பேட்டரி, தண்ணீர் கேன் அஞ்சு, பின்கதவுக்கு வெளியே ஸ்டெப்னியும் டீசல் கேனும் மாட்டுகிற கேரியர். எல்லாம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கொல்லிமலை ஏறும்போது ஸ்டியரிங் வெறும் காற்றில் சுற்றுகிற மாதிரி இருந்தது. ஸ்பிரிங் பட்டறையில் பின் ஸ்பிரிங் அடுக்கில் ரெண்டு பட்டை (எஃகுத் தகடு, லீஃப்) சேர்த்தால் தீர்ந்தது என்கிறார்கள். கூட்டாளி ஒருத்தன் ஆஸ்திரேலியா கிட்தான் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்) ஒரே வழி என்கிறான். எதுங்க சரி?

12 மே, இரவு

இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். முதலில் எடை மேடைக்குப் போங்க. நம்ம ஊரில் எடை மேடைக்கா பஞ்சம், கொப்பரை, மஞ்சள், பருத்தி எது நகர்ந்தாலும் வழியில் ஒரு மேடை இருக்கிறது, ஒரு டீ ரெண்டு வடை காசுதான் வாங்குவார்கள்.

ஆனால் மொத்த எடையை மட்டும் போட்டுவிட்டு வரக்கூடாது. முன்சக்கரம் ரெண்டும் மேடை மேல், பின்சக்கரம் தரையில், அப்படி நிறுத்தி ஒரு சீட்டு. முழு வண்டியும் ஏற்றி ஒரு சீட்டு. முன்சக்கரம் இறங்கி பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு. மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் கணக்கு கோணும். இதே மூன்றும் காலி வண்டிக்கு ஒருமுறை, சாமான் ஏற்றிய வண்டிக்கு ஒருமுறை, ரெண்டு முறையும் அதே ஆட்கள், அதே அளவு டீசல். லாரி மேடை பத்து பத்து கிலோவாகத்தான் காட்டும், நமக்கு அது போதும்.

இது தெரியாமல் ஸ்பிரிங் வாங்குவது அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வதுதான்.

13 மே

ஸ்டியரிங் லேசாகப் போனது பற்றி நேற்று சொல்ல விட்டுப்போனது. அதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி. வண்டி உட்காருவது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். முன்சக்கரத்தில் பாரம் குறைவதுதான் ஆபத்து.

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்க, முன்பாரம் பின்பாரம் என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். மூட்டையை அச்சுக்கு முன்னால் நகர்த்தாமல் யாரும் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். பிக்கப்பிலும் அச்சு அச்சுதான்.

கணக்கு வேண்டுமென்றால்: வி-கிராஸ் சேர்ந்த டி-மேக்ஸ் வகையறாவின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 3,095 மில்லி, ஏறக்குறைய 3.1 மீட்டர். பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சு மேல் ஏறுவது 100 இல்லை, 132 கிலோ. அந்தக் கூடுதல் 32 முன் அச்சிலிருந்து எடுத்தது. அதே 100 கிலோவை கேபினை ஒட்டி, அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வைத்தால் பின் அச்சுக்கு 84, முன் அச்சுக்கு 16. ஒரே சாமான், வைத்த இடம் மட்டும் வேறு. அந்தக் கேரியரைத் தயாரித்தவர் அதில் ஸ்டெப்னியும் டீசலும் மாட்டச் சொல்லி அழகாகப் படம் எடுத்துப் போட்டிருப்பார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி, வால்பாறை ஏற 40. ஏற்றத்தில் பாரம் தானாகவே பின்னால் சாயும், வளைவில் முன்சக்கரம் பிடிக்க வேண்டிய இடத்தில் நீங்களும் பின்பாரம் சேர்த்தால் எப்படி?

13 மே, பொழுதோட

"பிரியாணி அண்டாவை எந்த அச்சில் வைப்பது" என்று கேட்ட பொள்ளாச்சித் தம்பிக்கு: அண்டாவை வீட்டில் வைங்க. நாலு பேர் கூடாரம் போடப் போகிற இடத்துக்கு நாற்பது பேர் அண்டா எதற்கு?

16 மே

சரி, பட்டைக்கு வருவோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் என்று லாரியும் போர்வெல் ரிக்கும் பஸ் பாடியும் கட்டுகிற ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பட்டை வேலைக்கு வெளியூர் போகவேண்டியதில்லை. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் கண் பழகியது பத்து டன், இருபது டன் கணக்கு. நம் 300 கிலோ அவர்களுக்கு ஒரு பாரமே இல்லை, "கனமாவே போட்டுடலாங்க, உட்காரவே உட்காராது" என்பார்கள். உட்காராது, உண்மைதான். நகரவும் நகராது.

ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின், அதாவது தடிமனின், மும்மடிப் பெருக்கத்தில் (அதே எண்ணை மூன்று தடவை பெருக்கி வருவது) ஏறும். அகலமும் நீளமும் ஒன்றாக இருந்தால் 8 மில்லி பட்டை ஒன்று 6 மில்லி பட்டை ரெண்டேகாலுக்கு மேல் சமம். 10 மில்லி என்றால் நாலரைக்கு மேல். அதனால் "ஒரு பட்டைதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டக் கூடாது. காலிப்பர் எடுத்துப் போங்க, இருக்கிற பட்டையின் கனம் அளங்க, அதே கனத்தில் அல்லது அதற்கும் குறைவாக ஒன்று கேளுங்க.

என் மச்சான் வண்டியில் ஒரு பட்டறையில் ரெண்டு 10 மில்லி பட்டை, அதுவும் குட்டையாக வெட்டி நடுவில் சேர்த்தார்கள். சாமான் ஏற்றினால் வண்டி சமமாக நின்றது, படத்துக்கு நன்றாக இருந்தது. திங்கட்கிழமை காலி வண்டியில் தாராபுரம் ரோட்டில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்சீட்டில் இருந்தவர்கள் கூரையைத் தொட்டார்கள். தங்கச்சி அந்த வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அப்புறம் கொஞ்ச நாளில் குட்டைப் பட்டை முடிகிற அதே இடத்தில் மேலே இருந்த நீளப்பட்டை உடைந்தது. காரணம் எளிதுதான்: குட்டையும் கனமுமான பட்டை வளையாது, அது முடிகிற முனையில்தான் மேல்பட்டை முழுக்க மடங்கும். சேர்ப்பதானால் நீளமான பட்டை, முனை மெலிந்து வருகிற மாதிரி, முனைக்கும் மேல்பட்டைக்கும் நடுவில் உரசல் தடுக்க ஒரு அட்டை.

இன்னொன்று. பழைய பட்டையையே நெருப்பில் காய்ச்சி வளைவு ஏற்றித் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்க. ஸ்பிரிங் எஃகுக்கு உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதம் இறக்க வசதி உள்ள இடம் வேறு, கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சுகிற இடம் வேறு. டார்ச் பட்ட பட்டை ரெண்டு பயணத்தில் படுத்துவிடும் அல்லது உடையும். காய்ச்சாமல் அடித்து வளைவு ஏற்றுவது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்யும்.

உடைந்த பட்டையை மச்சான் தூக்கிப் போடவில்லை. கொல்லனிடம் கொடுத்து அரிவாள் அடித்துக்கொண்டான். லாரிப் பட்டை அரிவாளுக்கு ஈடு கிடையாது என்பது ஊருக்கே தெரியும், கேம்ப்புக்கு விறகு வெட்ட அதைத்தான் கொண்டுவருகிறான். ரெண்டு பட்டைக்குக் கொடுத்த காசுக்கு அது ஒன்றுதான் மிச்சம் என்று தங்கச்சி சொல்கிறது.

17 மே

பொலீரோ பிக்கப் வைத்திருக்கிற கோபிக்காரர் கேட்டது: "என் வண்டி 1.7 டன் தாங்கும், உங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?" உங்களுக்குக் கவலையே இல்லைங்க. உங்கள் பட்டை 1.7 டன்னுக்கு அளந்து போட்டது. கேம்ப் சாமான் 300 கிலோ அதற்குக் காலி வண்டி மாதிரிதான். உங்கள் பிரச்சினை நேர் எதிர்: கட்டுப்போடாத சாமான் எல்லாம் எகிறிக் குதிக்கும், ஃபிரிட்ஜ் கால் கழன்றுவிடும். முடிந்தால் அடியில் இருக்கிற ஹெல்பர் பட்டை (பாரம் கூடினால் மட்டும் வேலைக்கு வருவது) இந்த எடையில் தொடுகிறதா என்று குனிந்து பாருங்க. தொடாது.

தனிநபர் உபயோகத்துக்கு விற்கிற டபுள் கேப் பிக்கப்பில் நடப்பது வேறு. அது கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போகவும் சொகுசாக இருக்க வேண்டும். அதனால் பட்டையை இளக்கமாக வைக்கிறார்கள். உடம்பு லாரி மாதிரி இருக்கிறதே என்று நாமும் லாரி மாதிரி ஏற்றுகிறோம்.

21 மே

கிட் பற்றி. ஓல்ட் மேன் ஈமூ, அயர்ன்மேன், டாபின்சன்ஸ், டஃப் டாக், நாலுமே ஆஸ்திரேலியப் பெயர்கள். பொருளில் சந்தேகமில்லை. அந்த நாட்டில் ஆயிரம் கிலோமீட்டர் மண்ரோடு சாதாரணம், அதற்குச் செய்தது. சந்தேகம் எதில் என்றால் நாம் ஆர்டர் போடுகிற விதத்தில்.

அவர்கள் ஸ்பிரிங்கை உயரத்துக்கு விற்பதில்லை, எடைக்கு விற்கிறார்கள். பின்னால் காலியாக ஓட்டுபவருக்கு ஒன்று, எப்போதும் நடுத்தர பாரம் உள்ளவருக்கு ஒன்று, எப்போதுமே 300 கிலோவுக்கு மேல் தொட்டியில் பொருத்தியே வைத்திருப்பவருக்கு ஒன்று. "எப்போதும்" என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. சனி ஞாயிறு மட்டும் ஏற்றி, திங்கட்கிழமை இறக்கி வைப்பவர் மூன்றாவதை வாங்கினால் மச்சான் கதைதான், காசு மட்டும் பல மடங்கு.

முன்பக்கம் இன்னும் வேடிக்கை. அங்கே முன்னால் இரும்பு புல் பார் (பம்பர் காப்புக் கம்பி), அதில் வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கிற எந்திரம்) என்று நூறு கிலோ வரை சேர்ப்பது சகஜம், அதனால் அந்த எடைக்கென்றே தனி முன் காயில் ஸ்பிரிங் இருக்கிறது. நம் நாட்டில் புல் பாருக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசே தடை சொல்லிவிட்டது. முன்னால் எடையே இல்லாத வண்டியில் புல் பார் ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு வானம் பார்க்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற மேல் ஆர்ம் கீழ்ப்பக்கம் முட்டுகிற நிலைக்கு வரும், சக்கரத்தைச் சுழற்றுகிற சிவி ஜாயின்ட் எப்போதும் கோணலாகச் சுற்றி அதன் ரப்பர் உறை (பூட்) கிழியும், வீல் அலைன்மென்ட்டில் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) அளவுக்குள் வராது. கடைக்காரர் "ரெண்டு இன்ச் லிஃப்ட் கிடைக்குதுங்க" என்று சந்தோஷமாகச் சொல்வார். நமக்கு லிஃப்ட் யார் கேட்டது? பாரம் ஏற்றினாலும் வண்டி தன் பழைய உயரத்தில் நிற்க வேண்டும், கேட்டது அதுதான்.

22 மே

"கிட் போட்டா லோடு கூடுதலா ஏத்தலாமா?" கூடாது. எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடை அதேதான். அச்சு, பேரிங், பிரேக், சேசிஸ், டயர் எதுவும் மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது அடியில்தான்.

டயரையும் பாருங்க. 245/70 ஆர் 16 சைஸில் பக்கவாட்டில் 107 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 975 கிலோ, 111 என்றால் 1,090. நம்பர் தெரியாமல் ஆஃபரில் டயர் வாங்குபவர்கள் நிறைய.

2 ஜூன்

எடைச்சீட்டு வந்துவிட்டது, ஈரோட்டுக்காரருக்கு நன்றி. காலிக்கும் ஏற்றியதற்கும் வித்தியாசம்: மொத்தம் 360 கிலோ கூடியிருக்கிறது. பின் அச்சில் மட்டும் 390 கூடி, முன் அச்சில் 30 குறைந்திருக்கிறது. கொல்லிமலை ஸ்டியரிங் இதோ, காகிதத்திலேயே இருக்கிறது.

இனி கழித்தல். கேரியர், ஸ்டெப்னி, டீசல் கேன் சேர்ந்து 60 கிலோ அந்தக் கடைசி முனையில். கேரியரைக் கழற்றி விற்றுவிடுங்க, ஸ்டெப்னி கம்பெனி வைத்த இடத்துக்கே, வண்டிக்கு அடியில் போகட்டும். டீசல் 20 லிட்டர் கேன் 17 கிலோ வரும், நம் பக்கம் எந்த மலைக்குப் போனாலும் அடிவாரத்தில் பங்க் இருக்கிறது, எதற்குச் சுமக்க வேண்டும்? ட்யூபுலர் பேட்டரி 150 ஆம்பியர் என்கிறீர்கள், அது அமிலத்தோடு 50 கிலோவுக்குக் குறையாது. 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பன்னிரண்டு கிலோ சொச்சம், ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கைக்கு வருகிற கரண்ட் கிட்டத்தட்ட சமம்தான். விலை கடிக்கும். ஆனால் கிட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

தண்ணீர் கேன் அஞ்சு என்பது 100 கிலோ. ரெண்டு போதும், கேபினை ஒட்டி. பாத்திரம் கழுவ வாய்க்காலோ தோட்டத்துத் தொட்டியோ இல்லாத இடத்தில் நீங்கள் கேம்ப் போடப்போவதில்லை.

இதையெல்லாம் செய்தால் கூடுதல் எடை 240 கிலோ சுற்றி நிற்கும், முன் அச்சுக்கும் இழந்தது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வார நாளில் வண்டியைக் காலியாக ஓட்டுவதாகச் சொன்னதால் என் யோசனை: இருக்கிற பட்டையோடு ஒரே ஒரு நீளப்பட்டை, கனம் இருக்கிறதைவிடக் கூடாமல், காலியில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிற வளைவில். நல்ல ஷாக் நாலு. முன் காயிலைத் தொடவே வேண்டாம்.

3 ஜூன்

ஏர் பேக் (விபத்துக்கு விரிவது இல்லை, பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைக்கிற காற்றுப் பை) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு அது பாதி பிடிக்கும். காலியில் காற்றை இறக்கி, ஏற்றும்போது ஏற்றிக்கொள்ளலாம், வார நாளில் சொகுசு கெடாது, இது பெரிய வசதி. பிடிக்காத பாதி: பட்டை தன் பாரத்தை சேசிஸில் முன் ஒரு இடம் பின் ஒரு இடம் என்று ரெண்டு முனையில் பிரித்துக் கொடுக்கும். ஏர் பேக் அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் தூக்கும். பின்னால் கனத்தைத் தொங்கவிட்டு, ஏர் பேக்கில் காற்றை ஏற்றி வண்டியைச் சமமாக நிறுத்திவிட்டு, பள்ளத்தில் வேகமாக இறங்கினால் சேசிஸ் அந்தப் புள்ளியில் மடங்கும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் இடைவெளி மேலே அகன்று கீழே சுருங்கி நிற்கிற டபுள் கேப் படங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தனையோ வந்தாயிற்று. பின்பாரம் இல்லாமல், குறைந்த காற்றில், சின்னத் துணையாக வைத்துக்கொண்டால் சரி. உட்கார்ந்துபோன பட்டைக்கு முட்டுக் கொடுக்க வேண்டாம்.

15 ஜூன்

ஷாக் மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்கிறார் கரூர்க்காரர். ஷாக் பாரத்தைத் தாங்காது, அதில் அவர் சொல்வது சரி. தாங்குவது பட்டை. ஆனால் அமுங்கிய பட்டை திரும்பி விரியும்போது அதை அடக்குவது ஷாக்தான். விறைப்பைக் கூட்டிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால் விரிகிற வேகம் கூடும், பின்பக்கம் ஒரு மேட்டுக்கு மூன்று முறை ஆடும். காங்கேயம் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலம்) இட்டேரியில், வேலிகளுக்கு நடுவே போகிற மண்பாதையில், கல்லும் குழியுமாக அரை மணி ஓட்டிவிட்டு இறங்கி ஷாக்கைத் தொட்டுப் பாருங்க, இல்லை, வேண்டாம், கை சுடும். அந்தச் சூட்டில் உள்ளே எண்ணெய் நுரைத்தால் ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். கனமான உடல், எண்ணெய் அதிகம் கொள்ளும் ஷாக் கேட்பது இதற்காக.

இட்டேரி என்றதும் ஞாபகம் வருகிறது: மண்ணில் காற்றைக் குறைத்து ஓட்டுங்கள் என்று வெளிநாட்டு வீடியோ பார்த்து இங்கே யாரும் 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடாதீங்க. மணலுக்கு அது சரி. நம் இட்டேரியில் ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, தரையில் வெள்வேல் முள், காற்று குறைந்து டயர் பக்கம் உப்பினால் முள்ளும் கல்லும் நேராகப் பக்கவாட்டில் ஏறும். அங்கே போட்ட பஞ்சர் நிற்காது. பாரத்தோடு தார் ரோட்டுக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது, பின் டயருக்கு லோடு அளவு தனியாகப் போட்டிருப்பார்கள்.

7 ஜூலை

மாட்டும் நாள் கூடவே நிற்கப் போகிறவர்களுக்கு, பட்டறையில் அவசரத்தில் விடுபடுபவை. பட்டை ஒன்று கூடினால் பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற பழைய யூ போல்ட் நீளம் பத்தாது, பத்தினாலும் பழையதைப் போடக்கூடாது, ஒருமுறை இழுபட்ட போல்ட் அது. பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட்டும் புதுசு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இதைச் சொன்னால் "நாங்க பார்க்காததாங்ணா" என்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்க.

பிரேக் விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு கம்பி போய் ஒரு வால்வில் முடியும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து பின்சக்கரத்துக்கு பிரேக் அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. பட்டை சேர்த்து வண்டி உயர்ந்தால் அது "வண்டி காலி" என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும், முழுப் பாரத்தோடு மலை இறங்கும்போது. உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால் மறுபடி செட் செய்யாமல் வெளியே எடுக்காதீங்க.

4 ஆகஸ்ட்

ஈரோட்டுக்காரர் ஒரு பட்டை, நாலு ஷாக் போட்டு, கேரியரை விற்று, வால்பாறைக்குப் போய் வந்துவிட்டார். ஸ்டியரிங் கனமாக, நன்றாக இருக்கிறதாம். கூரை டென்ட் மட்டும் வளைவில் ஆட்டுகிறது என்கிறார். ஆட்டத்தான் செய்யும், 60, 70 கிலோவை அவ்வளவு உயரத்தில் வைத்தால் எந்த ஸ்பிரிங்கும் அதை மறைக்காது. ரேக்கைத் தொட்டியின் பாதி உயரத்துக்கு வெட்டி இறக்கி, டென்ட்டை கேபின் கூரை மட்டத்துக்குக் கீழே கொண்டுவர முடியுமா பாருங்க. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாயில் வீசுகிற இந்த மாசத்தில் பொள்ளாச்சி ரோட்டில் அது மூடியிருந்தாலும் பாய்மரம்தான்.

அப்புறம் பர்கூர், திம்பம் பக்கம் காட்டுக்குள் டென்ட் போட இடம் கேட்டவருக்கு: காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கிடையவே கிடையாது, சத்தியமங்கலம் 2013லிருந்து புலிகள் காப்பகம், திம்பத்தில் ராத்திரித் தடையும் இருக்கிறது. தெரிந்தவர் தோட்டமோ எஸ்டேட்டோ பாருங்க. ஆனை வருகிற தடமா என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் டென்ட்டை விரிக்காதீங்க.

4 ஆகஸ்ட், பின்னிரவு

கேட்க மறந்தது: மாட்டியபிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. யூ போல்ட் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியாச்சா இல்லையா? இல்லையென்றால் நாளைக் காலையில் முதல் வேலை அது.